பரண்மேல் இருந்த கண்

ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. ஏணி போட்டுப் பரண்மேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம். கூடத்தில் இருப்பவை பிறர் பார்ப்பதற்காக வைத்தவை. பரண்மேல் இருப்பவையோ எறிய மனம் வராமல் வைத்தவை. கால் ஒடிந்த நாற்காலி, பாட்டியின் வெண்கல உருளி, வாய் அடைத்துப் போன ரேடியோ, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக் கொத்து ஆகியவற்றுக்கு நடுவே, வெளிநாட்டில் பிள்ளையோ மாப்பிள்ளையோ இருந்த அநேக வீடுகளில், கறுப்புப் பைக்குள் ஒரு பழைய வீடியோ காமிராவும் தூங்கிக்கொண்டிருக்கிறது. அப்படித் தூங்கிய ஒன்றைத் தட்டி எழுப்பிய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

ஆவடி என்றால் பெரியவர்களுக்கு 1955-ம் வருஷத்தில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை ஞாபகத்துக்கு வரும். இளைஞர்களுக்கு டாங்கித் தொழிற்சாலை ஞாபகத்துக்கு வரும். அதையடுத்து, விமானப் படை நிலையம் அமைந்திருக்கும் ஊர் முத்தாபுதுப்பேட்டை. விமானப் படையில் பணி செய்து, ஊர் ஊராய் மாற்றலாகித் திரிந்த பிறகு, கடைசியில் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்களில் நமது நண்பர் ஒருவர். விமானங்களின் ரேடியோக் கருவிகளைப் பழுது பார்த்தவர். "யந்திரம் கெட்டுப்போயிற்று என்று சொல்லாதீர், ஐயா! அது சொல்வது நமக்கு விளங்கவில்லை என்று சொல்லும்" என்பது அவருடைய சித்தாந்தம்.

நண்பரின் மனைவியார் நன்றாக வீணை வாசிப்பார். சனிக்கிழமைதோறும் மாலை நாலரை மணிக்கு, அதாவது சிங்கப்பூரில் ஏழு மணிக்கு, அங்கே இருக்கும் பேத்திக்கும் அவளுடைய தோழிகள் இருவருக்கும் கம்ப்யூட்டர் மூலமாக வீணை சொல்லிக் கொடுத்து வருகிறார். சரளி வரிசை வரையில் ஒரு தொல்லையும் இல்லை. கமகத்துக்கு வந்தபோதுதான் கஷ்டம் ஆரம்பித்தது. மெட்டின்மேல் தந்தியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லி முடியாது. விரலைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் பொருத்தியிருந்த பொட்டளவு காமிராவோ பாட்டியின் முகத்தையும், பின்னாலிருந்த நாட்காட்டியையும், ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தையும் ஒருங்கே காட்டியதேயன்றி விரல்களைக் காட்டவில்லை.

"பாட்டி! முருங்கைக்காய் நன்றாய்த் தெரிகிறது. விரல்தான் தெரியவில்லை" என்றாள் பேத்தி.

கைப்பேசியைக் குத்துவிளக்கின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். அது சற்று நேரம் நன்றாகவே காட்டியது. ஆனால் ஜண்டை வரிசையின் நடுவே யாரோ ஒருவர் கூப்பிட்டு, வீடு வாங்கக் கடன் வேண்டுமா என்று விசாரித்தார். மறுபடி ஆரம்பித்ததும் அது வழுக்கி விழுந்தது. அரை மணியில் சுடவும் தொடங்கிற்று.

நாம் போயிருந்த அன்று இந்த வழக்குத்தான் விசாரணையில் இருந்தது. விரல்களை நன்றாகக் காட்டக்கூடிய புதுக் காமிரா வாங்குவதென்றால் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நண்பர், திடீரென்று தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தார்.

"ஐயா! எட்டி நின்றே பத்து மடங்கு கிட்டே இழுத்துப் பார்க்கும் கண்ணாடி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. நாம் கடைத் தெருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமே!" என்றார்.

2002-ம் வருஷத்தில் அவருடைய பிள்ளை துபாயிலிருந்து கொண்டு வந்த வீடியோ காமிரா அது. மினி டி.வி. என்னும் சிறிய காஸெட்டில் படம் பிடிப்பது. பெண்ணின் கல்யாணம், வளைகாப்பு, பேத்தியின் காதுகுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கைப்பேசிகள் வந்தபின் பரண் ஏறிவிட்டது.

பழைய காமிராவைக் கம்ப்யூட்டருக்குக் கண்ணாக வைப்பது ஏதோ ஏழை வீட்டுத் தந்திரம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். உலகத்தின் முதல் வெப் காமிராவே அப்படிப் பிறந்ததுதான். 1991-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் கூடத்தில் வேலை செய்த அறிஞர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. காப்பிப் பாத்திரம் ஒரே ஓர் அறையில் இருந்தது. மற்ற மாடிகளில் இருந்தவர்கள் படி இறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். ஆகையால் கையில் கிடைத்த ஒரு சாதாரண வீடியோ காமிராவைப் பாத்திரத்துக்கு எதிரில் நிறுத்தி, அதன் படத்தை ஒரு கம்ப்யூட்டருக்குள் அனுப்பி, அவரவர் மேஜையிலிருந்தே காப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். 1993-ம் வருஷம் நவம்பரில் அந்தப் படம் இணையத்தில் ஏறிற்று. காப்பிப் பாத்திரத்தை உலகமே பார்த்தது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி அதை நிறுத்தினார்கள். பிற்பாடு அந்தப் பாத்திரத்தை ஒரு ஜெர்மன் பத்திரிகை மூவாயிரத்துக்கு மேற்பட்ட பவுன் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. காப்பிக்காக மனிதர்கள் எதையும் செய்வார்கள் என்பதைத் தமிழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முறை பழைய காமிராக்களுக்கு மதிப்பு வந்தது 2020-ம் வருஷத்தில். மார்ச்சு மாதம் 25-ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு வந்ததும் பள்ளிக்கூடமும் ஆபீஸும் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்தன. உலகமெங்கும் ஒரே சமயத்தில் எல்லோரும் வெப் காமிரா கேட்டதால் கடைகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது. காமிராக் கம்பெனிகள் இதைப் பார்த்துத் தங்கள் காமிராக்களைக் கம்ப்யூட்டரோடு நேரே இணைக்கும் மென்பொருள்களை வெளியிட்டன. ஏப்ரலில் கேனன், மே மாதத்தில் ஃப்யூஜிஃபில்ம், ஆகஸ்டில் நிக்கானும் ஸோனியும் வெளியிட்டன. ஆனால் இந்தத் தயவெல்லாம் முக்கியமாய்ப் புதிய காமிராக்களுக்குத்தான் கிடைத்தது. பரண்மேல் இருந்த காஸெட் காமிராக்களை ஒருவரும் நினைக்கவில்லை. அவற்றுக்கு அவரவர் வீட்டிலேயேதான் வழி தேட வேண்டியிருந்தது.

அந்த வழி என்ன? காமிராவின் விலாவில் உள்ள துவாரங்களைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

2008-ம் வருஷத்துக்குப் பிறகு வந்த காமிராக்கள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. என்னும் துவாரம் இருக்கும். அதற்கு முந்தியவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலைகள் கொண்ட கம்பி இருக்கும். மஞ்சளில் படமும் மற்ற இரண்டில் சத்தமும் வரும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கருவி வேண்டும். விரல் நீளமே உள்ள அது, ஒரு பக்கம் காமிராவிலிருந்து வரும் படத்தை வாங்கி, மறு பக்கம் யு.எஸ்.பி. மூலம் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. யு.எஸ்.பி. வழியே படம் அனுப்புவதற்கு 2003-ம் வருஷத்திலேயே ஒரு பொது விதி ஏற்பட்டிருக்கிறது. அந்த விதிப்படி செய்த கருவியை வாங்கினால், கம்ப்யூட்டர் அதை ஒரு சாதாரண வெப் காமிரா என்றே நம்பிவிடுகிறது. பின்னால் இருப்பது இருபது வருஷத்துக் கிழக் காமிரா என்பது அதற்குத் தெரியாது. காமிராவிலேயே ஒரு யு.எஸ்.பி. துவாரம் இருக்கிறதே என்று சிலர் ஏமாறுவதுண்டு. பெரும்பாலான பழைய காமிராக்களில் அது எடுத்து வைத்த படங்களை இறக்குவதற்கு மட்டுமே ஆனது. நேரே படம் அனுப்பும் வசதி சிலவற்றில் இருந்தாலும், அதற்கு வேண்டிய மென்பொருள் பழைய கம்ப்யூட்டர்களோடு போய்விட்டது.

நண்பரும் நாமும் ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனோம். மின்சாரச் சாமான் எதுவும் அங்கே கிடைக்காமல் போகாது என்பது சென்னைவாசிகளின் நம்பிக்கை. சில நூறு ரூபாயில் அந்தக் கருவி கிடைத்தது. கடைக்கார இளைஞன், "பழைய காமிராவா, ஸார்? பையிலே காஸெட் இருந்தால் பத்திரம்" என்றான். எதற்காகச் சொன்னான் என்று அப்போது நமக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் படம் வந்துவிட்டது. வந்ததென்றால், தொல்லைகளோடு வந்தது. அவற்றையும் அவற்றின் பரிகாரங்களையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, படத்தின் மேல் மின்கலத்தின் அளவும், மணியும், தேதியும் எழுத்துக்களாய் நின்றன. அவை காமிராவின் சின்னத் திரையில் மட்டும் தெரியும்படி, பட்டியலில் ஒரு கட்டளை உண்டு. அதைத் தேடி மாற்றினால் போதும். இரண்டாவது, பழைய மின்கலம் வயிறு உப்பியிருந்தது. அதை ஒருபோதும் மின்னேற்றக் கூடாது. எடுத்து ஒதுக்கிவிட்டு, சுவர் மின்சாரத்திலேயே காமிராவை ஓட்ட வேண்டும். மூன்றாவது, விரல் வேகமாய் ஓடும்போது அதன் ஓரங்கள் சீப்பின் பற்களைப் போல் சிதறித் தெரிந்தன. இந்தக் காமிராக்கள் விநாடிக்கு 25 படங்கள் எடுக்கின்றன; ஆனால் ஒவ்வொரு படத்தையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதியாய், ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகின்றன. பழைய டெலிவிஷன் பெட்டிக்கு அது பொருந்தியது. கம்ப்யூட்டர் திரைக்குப் பொருந்தவில்லை. ஓ.பி.எஸ். என்னும் இலவச மென்பொருள் இந்தப் பாதிகளைப் பிரித்து ஒழுங்குபடுத்துகிறது. 2020-ம் வருஷம் முதல் அதிலேயே 'மாய காமிரா' ஒன்றும் சேர்ந்திருப்பதால், திருத்திய படத்தையே சிங்கப்பூருக்கு அனுப்பலாம்.

இவ்வளவு செய்த பிறகும் படம் புதுக் காமிராவின் படத்துக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் புள்ளிகள் சுமார் நாலு லட்சம். இப்போதைய வெப் காமிராக்களில் இருபது லட்சம் இருக்கிறது. முகம் பார்த்துப் பேசுவது மட்டுமே நோக்கமானால் கைப்பேசியே போதும். பரண் ஏற வேண்டியதில்லை. ஆனால் ஆறடி தூரத்தில் முக்காலியில் நின்றபடி, இரண்டு மெட்டுக்களையும் நான்கு விரல்களையும் திரை நிறையக் காட்டுவது என்றால், கண்ணாடி நகர்ந்து கிட்டே இழுக்கும் காமிராவுக்குத்தான் அந்தச் சக்தி உண்டு. கோலம் போடுகிறவர்கள், தையல் சொல்லிக் கொடுக்கிறவர்கள், கணக்குப் போட்டுக் காட்டும் உபாத்தியாயர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

நான்காவது தொல்லையிலிருந்துதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி ஆரம்பமாகிறது.

காமிரா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே அணைந்து போயிற்று. அதை அறிவுள்ள செய்கை என்றே சொல்ல வேண்டும். உள்ளே காஸெட் இருக்கும்போது படம் பிடிக்காமல் வெகு நேரம் நின்றால் நாடா தேயும் என்பதற்காக, அணைந்து போகும்படி அதை அமைத்திருக்கிறார்கள். காஸெட்டை வெளியே எடுத்துவிட்டால் அணையாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் பக்கத்து வீட்டில் எஞ்சினீயரிங் வாசிக்கும் பையன். "மாமா! உள்ளே காஸெட் இருக்கிறது போல் இருக்கிறதே?" என்றான். நண்பர் பொத்தானை அழுத்தினார். சிறு கதவு முனகிக்கொண்டு திறந்தது. காஸெட்டின் முதுகில் அவருடைய கையெழுத்தில், 'அம்மா — பொங்கல் 2003' என்று எழுதியிருந்தது.

நண்பரின் தாயார் 2006-ம் வருஷம் காலமானவர். சற்று நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு நண்பர் காஸெட்டை மறுபடி உள்ளே வைத்து ஓட்டினார்.

அதே கூடம். அதே வீணை. கிழவியார் மடியில் வீணையை வைத்துக்கொண்டு, எதிரில் இருந்த மருமகளிடம், "விரலைத் தூக்காதேயம்மா. தூக்கினால் ஸ்வரம் அறுந்துபோகும். தந்தியை இழு, இன்னும் இழு, பயப்படாதே!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மருமகள் இப்போது தாமே பாட்டியாகி, சமையலறை வாசற்படியில் கரண்டியும் கையுமாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷந்தான். திடீரென்று கிழவியாரின் முகம் சதுரம் சதுரமாய் உடைந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நீலத் திரை.

நண்பர் சட்டென்று நிறுத்திவிட்டார். "இனிமேல் சும்மா இதை ஓட்டக் கூடாது. ஒவ்வொரு தடவை ஓட்டுவதும் ஒவ்வொரு சுரண்டல்" என்றார். ரிச்சி தெரு இளைஞனின் எச்சரிக்கை அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

வாசகர்களுக்கு நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் இதுவே. பழைய காமிராவுக்குப் புது வேலை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அதன் பழைய வேலையை அது முடிக்க வேண்டும். காஸெட்டுகளைப் படிக்கத் தெரிந்த யந்திரம் வீட்டில் அது ஒன்றுதான். அது போய்விட்டால் காஸெட்டுகள் பேச்சு மறந்த பிளாஸ்டிக் பெட்டிகளே. 2019-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனமும், ஒலி ஒளிப் பதிவுகளைக் காக்கும் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து உலகத்தை எச்சரித்தன. 2025-ம் வருஷத்துக்குள் காந்த நாடாக்களில் உள்ளவற்றை மாற்றி எழுதாவிட்டால், ஓட்டும் யந்திரங்களும் உதிரிச் சாமான்களும் இன்றிப் பெரும் பகுதி மீளாமலே போகும் என்றன. அந்த வருஷமும் கடந்துவிட்டது. பெரிய நூதனசாலைகளுக்கே இந்த நிலையென்றால், சென்னையின் வெயிலிலும் ஈரக் காற்றிலும் பரண்மேல் வெந்துகொண்டிருக்கும் காஸெட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மாற்றி எழுதுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. மஞ்சள் கம்பியும் நாம் வாங்கிய அதே கருவியும் கொண்டே செய்யலாம். அது ஒருவர் கடிதத்தைப் படிக்க, மற்றொருவர் கேட்டு எழுதுவது போன்றது; விஷயம் வரும், எழுத்தழகு குறையும். மினி டி.வி. காஸெட்டுகளுக்கு இதைவிட உயர்ந்த வழி, ஃபயர்வயர் என்னும் துவாரம். நாடாவில் உள்ள எண்கள் அப்படியே, ஓர் எண்ணும் மாறாமல், கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். ஆனால் இப்போதைய கம்ப்யூட்டர்களில் அந்தத் துவாரம் கிடையாது. ஆப்பிள் கம்பெனியோ 2025-ம் வருஷத்தில் வந்த புதிய மேக் மென்பொருளிலிருந்து அதை அடியோடு நீக்கிவிட்டது. நல்ல வேளையாகப் பையனின் சித்தப்பா வீட்டில், அங்கும் பரண்மேல்தான், ஃபயர்வயர் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு பரண் மற்றொரு பரணுக்கு உதவி செய்தது.

மொத்தம் பதினொரு காஸெட்டுகள். இந்த வேலையில் அவசரம் செல்லாது. ஒரு மணி நேரக் காஸெட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 13 ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டது. முதலில் காமிராவின் தலையைச் சுத்தம் செய்யும் காஸெட்டைச் சில விநாடி ஓட்டினார்கள். பிறகு முக்கியமில்லாத காஸெட் ஒன்றைப் பரீட்சைக்காக ஓட்டினார்கள். வெள்ளையாய்ப் பூசணம் பிடித்திருந்த ஒன்றை யந்திரத்துக்குள்ளேயே விடவில்லை. விட்டால் அது மற்றவற்றையும் கெடுத்துவிடும். அதைத் தொழில் தெரிந்தவர்களிடம் கொடுக்கத் தனியே எடுத்து வைத்தார்கள். மற்றப் பத்தையும் நாலு மாலைகளில் முடித்தார்கள். 'அம்மா — பொங்கல் 2003' இரண்டு இடங்களில் சில விநாடிகள் மட்டும் அழிந்து, மீதி பிழைத்தது. எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பெண் வீட்டில் கொடுத்தார் நண்பர். ஒரே பெட்டியில் இரண்டு பிரதியையும் வைப்பது, இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டுவது போல என்றார்.

அதன் பிறகே காமிரா புது உத்தியோகத்தை ஒப்புக்கொண்டது. காஸெட் உள்ளே இல்லாததால் அதன் நாடாத் தலைக்கும் தேய்மானம் இல்லை. அதன் மற்றொரு குணத்தையும் அம்மாள் வெகுவாய் மெச்சினார். பாடம் முடிந்ததும் கண்ணாடியின்மேல் மூடியைப் போட்டுவிடலாம். தன்னை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்களோ என்ற சந்தேகம் வேண்டாம். இந்தக் காலத்தில் கண்ணை மூடத் தெரிந்த யந்திரங்கள் எத்தனை இருக்கின்றன?

சென்ற சனிக்கிழமை நாமும் போயிருந்தோம். திரை முழுதும் பாட்டியின் விரல்கள். சிங்கப்பூரில் பேத்தி வாசித்தாள், விரலைத் தூக்கிவிட்டாள்.

"விரலைத் தூக்காதேயம்மா. ஸ்வரம் அறுந்துபோகும். தந்தியை இழு" என்றார் பாட்டி.

"பாட்டி! நீங்கள் அனுப்பிய படத்திலே கொள்ளுப்பாட்டியும் இதையேதான் உங்களுக்குச் சொன்னார்கள்" என்றாள் பேத்தி.

பாட்டி சிரித்துவிட்டு, "எனக்குச் சரியாய் வர இரண்டு வருஷம் ஆயிற்று. நீ மறுபடி வாசி" என்றார்.

எல்லாப் பழைய காமிராவும் இப்படி எழுந்து வேலை செய்யும் என்று நாம் உறுதி கூறவில்லை. சிலவற்றின் கண்ணே போயிருக்கலாம். ஒரு காலத்தில் செய்த படச் சில்லுகள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போகின்றன என்று 2005-ம் வருஷத்திலேயே பல கம்பெனிகள் அறிவித்திருக்கின்றன. கண் போன காமிராவும் காஸெட்டை ஓட்டக்கூடும். ஆகையால் அதையும் அவசரப்பட்டு எறிய வேண்டாம். இரண்டுக்கும் உதவாது என்று திட்டமாய்த் தெரிந்தால் மட்டும், குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்க அனுமதி பெற்றவர்களிடம் சேர்க்க வேண்டும். 2023-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமுலில் இருக்கும் விதிகளின் கருத்து அது. உப்பிய மின்கலத்துக்கு இது மிகவும் அவசியம்.

வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலம் வருவதற்கு முன், ஏணியை எடுத்துப் போட்டுப் பரண்மேல் ஒரு தடவை பார்க்கக் கோருகிறோம். கறுப்புப் பை அகப்பட்டால், முதலில் காமிராவின் கதவைத் திறந்து உள்ளே காஸெட் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முதுகில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, பிறகு மற்ற வேலையை ஆரம்பியுங்கள்.